டி.எஃப்.ஏ முதல் என்பி வரை: ஃபார்மல் மொழிகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரியில் கணினி அறிவியல் எடுத்தவர்களுக்கு டி.ஓ.சி (தியரி ஆஃப் கம்ப்யூடேஷன்) பாடம் தெரிந்திருக்கும். முதல் பாதியில் வட்டங்களும் அம்புகளுமாக டி.எஃப்.ஏ (எழுத்தெழுத்தாகப் படித்து நிலைக்கு நிலை தாவும் எளிய இயந்திரம்) வரையச் சொல்வார்கள். கடைசி அலகில் பி (விரைவாக விடை காணக்கூடிய கணக்குகள்), என்பி (விடையைக் கொடுத்தால் விரைவாகச் சரிபார்க்கக்கூடிய கணக்குகள்) என்று இரண்டு பெயர்கள் வந்துபோகும். முதலில் வரைந்த அந்த வட்டங்களுக்கும் கடைசியில் வந்த என்பிக்கும் என்ன உறவு என்பது பெரும்பாலும் சொல்லப்படாமலே பாடம் முடிந்துவிடும். தேர்வுக்கு அது தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் பாடத்தை ருசியாக்குவது அந்த உறவுதான்.

அதைப் பிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: ஒரு சரத்தை, அதாவது எழுத்து வரிசையை, இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போகும்போது, இதுவரை படித்ததில் எதை நினைவில் வைத்தாக வேண்டும்? கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் இதையே கேட்கப்போகிறோம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வாசித்தால் மட்டும் புரிகிற விஷயம் இல்லை இது.

முதல் படி: எல்லாக் கேள்வியையும் மொழியாக்கிப் பாருங்கள்

இங்கே மொழி என்பதற்குப் பொருளும் கிடையாது, ஒலியும் கிடையாது. கொஞ்சம் எழுத்துகள், அந்த எழுத்துகளால் ஆன சரங்கள், அவற்றிலிருந்து பொறுக்கி எடுத்த ஒரு கூட்டம், அவ்வளவுதான். அந்தக் கூட்டத்துக்குத்தான் மொழி என்று பெயர். "இந்தச் சரம் அந்தக் கூட்டத்தில் உண்டா?" என்பதே அடிப்படைக் கேள்வி.

இது எதற்கு என்று தோன்றும். "97 பகா எண்ணா?" என்று யாராவது கேட்டால், பகா எண்களின் எழுத்து வடிவங்களை எல்லாம் ஒரு மொழியாக எண்ணிக்கொண்டு, "97 என்ற சரம் அந்த மொழியில் உண்டா?" என்று கேட்டுவிடலாம். "இந்த வரைபடத்தை மூன்று நிறங்களால் தீட்ட முடியுமா?" என்பதும் அப்படியே. வரைபடத்தைச் சரமாக எழுதிவிட்டால் போதும். ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய எந்தக் கணக்கும் ஒரு மொழிதான். கம்ப்ளெக்சிட்டி (ஒரு கணக்குக்கு எவ்வளவு நேரமும் நினைவும் வேண்டும் என்று ஆராயும் துறை) நூல்களில் பி, என்பி என்று பேசும்போது அவை மொழிகளின் கூட்டங்கள் என்றுதான் வரையறுப்பார்கள். டி.ஓ.சியின் முதல் அலகும் கடைசி அலகும் ஒரே பொருளைப் பற்றியவை என்பது இங்கேயே தொடங்கிவிடுகிறது.

இரண்டாம் படி: ஒரு சின்ன டி.எஃப்.ஏவைக் கையால் கட்டுங்கள்

புத்தகங்களில் 0, 1 கொண்ட எடுத்துக்காட்டுகள் நிறையக் கிடைக்கும். நாம் தமிழையே எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் "தமிழ்" என்ற சொல் ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. துணைக்குறியோ புள்ளியோ தனியாக வரக்கூடாது, மெய்யெழுத்துக் குறியீட்டை (த, ம, ழ போன்றவற்றை இங்கே மெய் என்கிறோம்) ஒட்டியே வர வேண்டும். "அ" என்ற உயிருக்குப் பின்னால் கால் வந்தால் தப்பு. ஒரு மெய்க்கு இரண்டு குறி வந்தாலும் தப்பு. இந்த விதிக்கு உட்பட்ட சரங்கள்தான் நம் மொழி.

எதை நினைவில் வைக்க வேண்டும்? சற்று முன் வந்தது மெய்யா இல்லையா என்ற ஒரே தகவல். அதனால் சரியான சரங்களுக்கு இரண்டு நிலைகள் போதும், தப்பானவற்றுக்கு மூன்றாவது ஒன்று. "குறி வரக்கூடாது" என்பது முதல் நிலை, அங்கிருந்துதான் தொடக்கம். "குறி வரலாம்" என்பது இரண்டாவது. எந்த நிலையில் இருந்தாலும் மெய் வந்தால் இரண்டாவதுக்குப் போ. உயிர் வந்தால் முதலாவதுக்கு வா. இரண்டாவதில் இருக்கும்போது குறியோ புள்ளியோ வந்தால் முதலாவதுக்குத் திரும்பு. முதலாவதில் இருக்கும்போது அவை வந்தால், மீள வழியில்லாத மூன்றாவது நிலைக்குப் போய் அங்கேயே கிட. அந்த மூன்றாவதைத் தவிர எங்கே முடிந்தாலும் சரம் சரி.

"தமிழ்" என்பதை ஓட்டிப் பாருங்கள்: முதல் நிலை, இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று. ஏற்றுக்கொள்ளப்பட்டது. சொல் எவ்வளவு நீண்டாலும் நினைவு கூடுவதில்லை, ஒரு எழுத்துக்கு ஒரு அடிதான். இப்படி மாறாத நினைவோடு அடையாளம் காணக்கூடியவைதான் ரெகுலர் மொழிகள். ஸ்டீபன் கிளீனி 1951இல் நரம்பு வலைகளைப் பற்றி எழுதிய ஓர் அறிக்கையில் இவற்றை வரையறுத்தார். மைக்கேல் ராபினும் டானா ஸ்காட்டும் 1959இல் எழுதிய கட்டுரை இன்றைய பாடத்தின் வடிவத்தைத் தந்தது.

பயிற்சி ஒன்று: ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியையும் காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். இரண்டையும் ஏற்கும்படி இயந்திரத்தை மாற்றுங்கள். எத்தனை நிலை கூடுகிறது?

மூன்றாம் படி: முடியாது என்பதை நிரூபிக்கப் பழகுங்கள்

இந்தப் படியில் நிதானமாக நின்றுவிட்டுப் போங்கள், பின்னால் வருவதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. பம்பிங் லெம்மாவை (ஒரு மொழி ரெகுலர் அல்ல என்று காட்டப் பாடநூல்கள் தரும் வழக்கமான கருவி) மனப்பாடம் செய்வதற்கு முன் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஜான் மைஹில், அனில் நெரோடு இருவரும் 1950களின் பிற்பாதியில் தந்த யோசனை இது.

சரியாகத் திறந்து மூடும் அடைப்புக்குறிகளை எடுத்துக்கொள்ளுங்கள். (()) சரி, ()() சரி, (() தப்பு. இதற்கு 50 நிலைகள் கொண்ட ஒரு டி.எஃப்.ஏ இருப்பதாக ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். அதற்கு ஒரு திறப்புக்குறி மட்டும் கொடுங்கள், அது எந்த நிலையில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் புதிதாக இரண்டு, புதிதாக மூன்று, இப்படி 51 வரை. நிலைகள் 50தான், சோதனைகள் 51. ஆகவே ஏதோ இரண்டு சோதனைகள் ஒரே நிலையில் முடிந்தாக வேண்டும். அவை 7 திறப்பும் 12 திறப்பும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் பின்னால் 7 மூடுகுறிகளைப் போடுங்கள். முதலாவது சரி, இரண்டாவது தப்பு. ஆனால் இயந்திரம் ஒரே நிலையிலிருந்து ஒரே சரத்தைப் படிப்பதால் இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும். ஆக, அப்படி ஒரு இயந்திரம் இருக்க முடியாது. 50 என்பதற்குப் பதில் எந்த எண்ணைப் போட்டாலும் இதே கதிதான்.

நாம் இங்கே காட்டியது ஒரு கீழ்வரம்பு: இவ்வளவு நினைவாவது இல்லாமல் இந்த வேலை நடக்காது. ஒரு குறிப்பிட்ட முறை தோற்றது என்று காட்டுவது சுலபம். எந்த முறையும் தோற்றே தீரும் என்று காட்டுவதுதான் கம்ப்ளெக்சிட்டி துறையின் முழுநேர வேலை. பி, என்பி இரண்டும் வேறு என்று இன்னும் யாராலும் நிரூபிக்க முடியாமல் இருப்பதும் இந்த வகை நிரூபணம் அவ்வளவு கடினம் என்பதால்தான். அந்த வேலையின் மிகச் சின்ன, முழுமையாக வெற்றி பெற்ற எடுத்துக்காட்டை நீங்கள் இப்போது கையால் செய்துவிட்டீர்கள்.

அடைப்புக்குறிக்கு எவ்வளவு நினைவுதான் வேண்டும்? திறந்திருப்பவற்றின் எண்ணிக்கை மட்டும் போதும். நீளம் 65,536 என்றாலும் அந்த எண்ணை எழுத 17 பிட் போதும், அதாவது நீளத்தின் மடக்கை அளவு. இந்த இடத்தில் ஓர் அழகான முடிவு உண்டு. ரிச்சர்ட் ஸ்டேர்ன்ஸ், யூரிஸ் ஹார்ட்மானிஸ், பிலிப் லூயிஸ் மூவரும் 1965இல் காட்டியது: நினைவின் அளவு நீளத்தின் மடக்கைக்கு மறுபடியும் மடக்கை எடுத்தால் வருவதைவிட மெதுவாக வளர்ந்தால், அந்த நினைவால் எந்தப் பயனும் இல்லை. ரெகுலர் மொழிகளைத் தாண்டி ஒன்றைக்கூட அடையாளம் காண முடியாது. மாறாத நினைவுக்கும் அந்த இரட்டை மடக்கை அளவுக்கும் நடுவே வெற்றிடம்தான்.

நான்காம் படி: அதே மொழி, வேறு விவரிப்பு, வேறு செலவு

0, 1 கொண்ட சரங்களில், கடைசியிலிருந்து பத்தாவது எழுத்து 1 ஆக இருப்பவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். என்.எஃப்.ஏ என்றால், அதாவது ஒரே நிலையிலிருந்து ஒரே எழுத்துக்கு இரண்டு அம்புகள் போகலாம் என்றால், 11 நிலைகளில் முடிந்துவிடும். "இதுதான் அந்தப் பத்தாவது எழுத்து" என்று ஊகித்துவிட்டு மேற்கொண்டு ஒன்பதை எண்ணினால் போதும். டி.எஃப்.ஏ ஊகிக்க முடியாது. கடைசிப் பத்து எழுத்துகளையும் நினைவில் வைக்க வேண்டும். அதற்கு 1,024 நிலைகள். குறைக்கவே முடியாதா என்றால், மூன்றாம் படியின் வாதத்தை எடுங்கள்: பத்து எழுத்துச் சரங்கள் 1,024. எந்த இரண்டை எடுத்தாலும் ஏதோ ஓரிடத்தில் வேறுபடும். அந்த இடம் கடைசியிலிருந்து பத்தாவதாகும் வரை பின்னால் எழுத்துகளைச் சேர்த்தால் ஒன்று உள்ளே வரும், மற்றது வெளியே நிற்கும். ஆக இரண்டும் ஒரே நிலையில் இருக்க முடியாது. பத்துக்குப் பதில் முப்பது என்று போட்டால் என்.எஃப்.ஏவுக்கு 31 நிலைகள், டி.எஃப்.ஏவுக்கு 107 கோடிக்கு மேல்.

என்.எஃப்.ஏவை டி.எஃப்.ஏவாக மாற்றாமலே ஓட்டவும் வழி உண்டு. இப்போது எந்தெந்த நிலைகளில் இருக்கக்கூடும் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் பட்டியலைப் புதுப்பித்தால் போதும். யூனிக்ஸ் உலகம் நன்கு அறிந்த கென் தாம்ப்சன் 1968இல் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (சுருக்கமாக ரெஜெக்ஸ்: ரெகுலர் மொழியை விவரிக்கும் குறியீட்டுக் கோவை) தேடலுக்கு இந்த வழியைத்தான் வெளியிட்டார். விவரிப்பின் அளவையும் சரத்தின் நீளத்தையும் பெருக்கினால் வரும் அளவுக்குள் வேலை முடிந்துவிடும்.

இன்று பரவலாகப் புழங்கும் பல ரெஜெக்ஸ் எஞ்சின்கள் இப்படிச் செய்வதில்லை. ஒரு வழியில் போய்ப் பார்த்து, அது முட்டுச்சந்து என்றால் திரும்பி வந்து இன்னொரு வழியில் போகும். அதற்கு பேக்டிராக்கிங் என்று பெயர். பைத்தானின் ரெஜெக்ஸ் நூலகமும் இந்த வகைதான். (க+)+ என்று எழுதி (+ என்றால் ஒரு முறையோ பல முறையோ), அதற்குப் பின் சரம் முடிய வேண்டும் என்று சொல்லிவிட்டு, 20 ககரமும் கடைசியில் ஒரு சகரமும் கொண்ட சரத்தைக் கொடுத்துப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு ககரமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். முப்பது ககரங்களைக் குழுக்களாகப் பிரிக்க 53 கோடிக்கு மேல் வழிகள் உண்டு. கடைசியில் இருக்கும் அந்தச் சகரத்தால் எதுவும் பொருந்தாது என்பதைச் சொல்ல, எஞ்சின் எல்லா வழிகளையும் முயன்றுவிட்டுத்தான் வரும்.

இது ஏட்டுச் சிக்கல் இல்லை. 2016 ஜூலை 20இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடங்கள் முடங்கியது. வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள வெற்றிடங்களை நீக்கும் ஒரு சாதாரண ரெஜெக்ஸ், சுமார் 20,000 வெற்றிடங்கள் தொடர்ந்து வந்த ஒரு பதிவில் சிக்கிக்கொண்டது. ஒவ்வொரு வெற்றிடத்திலிருந்தும் புதிதாகத் தொடங்கிப் பார்த்ததால் கிட்டத்தட்ட 20 கோடிச் சோதனைகள். 2019 ஜூலை 2இல், பல தளங்களின் போக்குவரத்தைக் கையாளும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் ஃபயர்வால் விதிகளில் புதிதாகச் சேர்த்த ஒரு ரெஜெக்ஸ் உலகம் முழுக்க அவர்களின் சர்வர்களைத் திணறடித்தது. சுமார் 27 நிமிடங்களுக்கு எண்ணற்ற தளங்கள் திறக்கவில்லை. இரண்டிலும் கணக்கு ரெகுலர் மொழி, மொழி வகைகளை எளியதிலிருந்து மேலே அடுக்கினால் வரும் ஏணியின் அடிப்படி. சுலபமான மொழிக்குத் தவறான முறையைப் பயன்படுத்தியதுதான் வினை. கூகுள் வெளியிட்ட ஆர்.இ.2, கோ நிரல்மொழியின் ரெஜெக்ஸ் நூலகம் போன்றவை தாம்ப்சன் வழியில் வந்தவை, நேர உத்தரவாதம் தருபவை. வெளியாட்கள் எழுதும் உள்ளீட்டை ரெஜெக்ஸில் செலுத்தும் வேலை உங்களுடையது என்றால் இவற்றைத்தான் பயன்படுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. முன்னால் பொருந்திய துண்டு அப்படியே மறுபடி வர வேண்டும் என்று சொல்லும் பேக்ரெஃபரன்ஸ் வசதியைச் சேர்த்தால் மொழி ரெகுலராக இருக்காது. அதைப் பொருத்திப் பார்ப்பது என்பி-கம்ப்ளீட், அதாவது என்பியிலேயே மிகக் கடினமான வகை, ஆகிவிடும். ஆர்.இ.2 அந்த வசதியைத் தராததற்குக் காரணம் இதுதான்.

ஐந்தாம் படி: இலக்கணத்தை எடுத்துக்கொண்டு அட்டவணை போடுங்கள்

நோம் சோம்ஸ்கி 1956இலும் 1959இலும் எழுதிய கட்டுரைகளில் இலக்கணங்களை நான்கு வகையாக அடுக்கினார். ரெகுலர் வகைக்கு அடுத்து வருவது, ஒரு பெயரை அதைச் சுற்றி என்ன இருந்தாலும் விதிப்படி மாற்றி எழுதலாம் என்னும் சூழல் சாரா இலக்கணம். அடைப்புக்குறி மொழிக்கு அதை இப்படி எழுதலாம்:

சமன் → சமன் சமன்
சமன் → திற மூடு
சமன் → திற மிச்சம்
மிச்சம் → சமன் மூடு
திற → (
மூடு → )

அம்புக்கு வலப்பக்கம் இரண்டு பெயர்கள் அல்லது ஒரு எழுத்து, இந்த இரண்டு வடிவம் மட்டும். எந்தச் சூழல் சாரா இலக்கணத்தையும் இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். வெற்றுச் சரத்தை மட்டும் தனியாகக் கவனித்துக்கொண்டால் போதும்.

இப்போது (()) என்ற சரத்தைச் சோதிப்போம். ஒவ்வொரு துண்டையும் எந்தப் பெயரால் உருவாக்கலாம் என்று குறித்துக்கொண்டே போவதுதான் முறை. ஓரெழுத்துத் துண்டுகள்: திற, திற, மூடு, மூடு. ஈரெழுத்துத் துண்டுகளில் நடுவில் உள்ள () மட்டும் சமன், மற்ற இரண்டும் காலி. மூன்றெழுத்துக்கு வாருங்கள். முதல் மூன்று (() என்பதைத் திற, சமன் என்று பிரிக்கலாம், ஆனால் அப்படி ஒரு விதி இல்லை, ஆகவே காலி. பின் மூன்று ()) என்பது சமன், மூடு. அதற்கு விதி இருக்கிறது, ஆகவே மிச்சம். கடைசியாக முழுச் சரம்: திற, மிச்சம். சமன் கிடைத்துவிட்டது, சரம் மொழியில் உண்டு.

இது சி.ஒய்.கே அல்காரிதம். ஜான் காக், டேனியல் யங்கர், தடாவோ கசாமி மூவரும் 1960களில் தனித்தனியே கண்டது. செலவைக் கணக்கிடுங்கள்: துண்டுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ நீளத்தின் இருமடியில் பாதி. ஒவ்வொரு துண்டையும் எங்கே வெட்டுவது என்பதற்கு நீளம் அளவுக்கு வழிகள். மொத்தத்தில் நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். எல்லாப் பகுப்பு மரங்களையும் எழுதிப் பார்த்தால் அவற்றின் எண்ணிக்கை அடுக்கடுக்காகப் பெருகும். அட்டவணை போட்டதும் அது மும்மடிக்குள் அடங்கிவிடுகிறது. டைனமிக் புரோகிராமிங் (சின்னத் துண்டுகளின் விடைகளைக் குறித்துவைத்துப் பெரியதைக் கட்டும் உத்தி) கற்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

மும்மடியைக் குறைக்க முடியுமா? 1975இல் லெஸ்லி வேலியன்ட், இந்த அட்டவணையை நிரப்பும் வேலையை அணிப் பெருக்கலாக மாற்றிக் காட்டினார். அணிகளை மும்மடிக்குக் குறைவான நேரத்தில் பெருக்கலாம் என்று ஃபோல்கர் ஸ்ட்ராசன் 1969லேயே காட்டியிருந்தார். 2002இல் லில்லியன் லீ எதிர்த்திசையைக் காட்டினார்: இலக்கணப் பகுப்புக்கு ஒரு வேகமான வழி கிடைத்தால், பூலியன் (0, 1 மட்டும் கொண்ட) அணிப் பெருக்கலுக்கும் வேகமான வழி கிடைத்துவிடும். வாக்கியத்தைப் பகுப்பதும் எண் கட்டங்களைப் பெருக்குவதும் ஒன்றின் கஷ்டத்தை மற்றொன்று தாங்கி நிற்கின்றன. ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் காட்டும் இந்த ரிடக்ஷன் உத்திதான் கம்ப்ளெக்சிட்டியின் அன்றாடக் கருவி.

நடைமுறையில் கம்பைலர்கள் மும்மடி செலவழிப்பதில்லை. டொனால்ட் கனூத் 1965இல் தந்த எல்.ஆர் முறை, ஊகிக்கத் தேவையில்லாத இலக்கணங்களை நீளத்துக்கு நேர்விகிதமான நேரத்தில் பகுத்துவிடும்.

ஆறாம் படி: ஏணியின் மேல்பகுதி, வேகமாக

"ககசசடட" போல மூன்றும் சம எண்ணிக்கையில் அடுத்தடுத்து வரும் சரங்களைச் சூழல் சாரா இலக்கணத்தால் எழுத முடியாது. அதற்கு அடுத்த படி வேண்டும், சூழல் சார் இலக்கணம். 1964இல் ஷிகே-யுகி குரோடா இந்த வகையின் நினைவுக் கணக்கைச் சொன்னார்: சரத்தின் நீளம் அளவுக்கு நினைவு வைத்துக்கொண்டு, ஊகிக்கவும் தெரிந்த இயந்திரம் எவற்றை அடையாளம் காணுமோ, சரியாக அவைதான் சூழல் சார் மொழிகள். இலக்கணத்தின் வடிவத்திலிருந்து புறப்பட்டவர் கம்ப்ளெக்சிட்டி வகுப்பு ஒன்றில் போய் இறங்கினார்.

அப்போது அவர் இரண்டு கேள்விகளை விட்டுச்சென்றார். ஒன்று, ஒரு சூழல் சார் மொழியில் இல்லாத சரங்களின் கூட்டமும் சூழல் சார் மொழிதானா? 23 ஆண்டுகள் யாருக்கும் விடை தெரியவில்லை. 1987இல் அமெரிக்காவில் நீல் இம்மர்மனும், பிராட்டிஸ்லாவாவில் அப்போது மாணவராக இருந்த ராபர்ட் செலெப்செனியும் ஒருவரை ஒருவர் அறியாமல் "ஆம்" என்று நிரூபித்தார்கள். எத்தனை நிலைகளை எட்ட முடியும் என்ற எண்ணிக்கையை மட்டும் படிப்படியாகக் கணக்கிட்டுப் போவதுதான் அவர்கள் கண்ட உத்தி. இருவருக்கும் 1995இல் கோடல் பரிசு கிடைத்தது. இரண்டாவது கேள்வி: ஊகிக்கும் திறனை எடுத்துவிட்டால் அதே நீள நினைவில் அதே வேலையைச் செய்ய முடியுமா? வால்டர் சாவிட்ச் 1970இல் காட்டியபடி நினைவை இருமடி, அதாவது வர்க்கம், ஆக்கினால் முடியும். அதே அளவில் முடியுமா என்பது இன்றுவரை திறந்தே கிடக்கிறது.

ஏணியின் உச்சியில், முடிவில்லாத நாடாவில் படித்தும் எழுதியும் ஓடும் டியூரிங் இயந்திரங்கள், எல்லையற்ற நினைவு. ஒரு இயந்திரம் நிற்குமா என்று பொதுவாகச் சொல்லும் முறை எதுவும் இல்லை என்று ஆலன் டியூரிங் 1936லேயே காட்டிவிட்டார்.

புதியவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஏணியில் மேலே இருப்பதெல்லாம் கஷ்டமானது என்று எண்ணிவிடாதீர்கள். "ககசசடட" சூழல் சாராதது அல்ல, ஆனாலும் மூன்று எண்ணிக்கைகளை ஒப்பிட்டால் நொடியில் முடிந்துவிடும். அதே சூழல் சார் வகுப்புக்குள்தான் என்பி-கம்ப்ளீட் கணக்கான சாட் (ஆம், இல்லை நிபந்தனைகள் எல்லாவற்றையும் நிறைவேற்றும் மதிப்புகள் உண்டா என்ற கேள்வி) என்பதும் இருக்கிறது. எல்லா மதிப்புகளையும் ஒவ்வொன்றாக முயன்று, முந்தையதை அழித்துவிட்டு எழுதினால் நீளம் அளவு நினைவு போதுமே. ஏணி என்பது இலக்கணத்தின் வடிவத்தை வைத்துப் பிரித்தது. பி, என்பி என்பவை நேரத்தை வைத்துப் பிரித்தவை. இரண்டின் எல்லைக்கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துவதில்லை.

ஏழாம் படி: இரண்டு விவரிப்புகள் ஒன்றா என்று கேளுங்கள்

இதுவரை "இந்தச் சரம் உண்டா?" என்று கேட்டோம். இப்போது இன்னொரு கேள்வி: எதிரெதிரே உள்ள இரண்டு விவரிப்புகள் ஒரே மொழியைத்தான் சொல்கின்றனவா?

இரண்டு டி.எஃப்.ஏக்கள் என்றால் சுலபம், விரைவாக முடியும். இரண்டு ரெகுலர் எக்ஸ்பிரஷன்கள் என்றால் பி-ஸ்பேஸ்-கம்ப்ளீட், அதாவது நீளத்தின் ஏதோ ஓர் அடுக்கு அளவு நினைவில் முடியும் கணக்குகளிலேயே மிகக் கடினமான வகை. இருமுறை எழுது என்ற சுருக்கக் குறியையும் சேர்த்துக்கொண்டால், எந்த அல்காரிதத்துக்கும் அடுக்குக்குறி அளவு நினைவு தேவைப்படும் என்று ஆல்பர்ட் மேயரும் லாரி ஸ்டாக்மேயரும் 1972இல் நிரூபித்தார்கள். இதற்குப் பி, என்பி சிக்கலின் விடைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, இது நிபந்தனையற்ற நிரூபணம். சூழல் சாரா இலக்கணங்கள் இரண்டு என்றால் விடை காணும் அல்காரிதமே கிடையாது. ஊகிக்காத ஸ்டாக் இயந்திரங்கள் (கடைசியாக வைத்ததையே முதலில் எடுக்கும் அடுக்கை நினைவாகக் கொண்டவை) இரண்டு என்றால்? பல ஆண்டுகள் திறந்திருந்த அந்தக் கேள்வியை 1997இல் ஜெரோ செனிசெர்க் தீர்த்தார்: முடியும்.

ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு ஏன் இவ்வளவு செலவு? இதன் பின்னால் உள்ள யோசனை மிக அழகானது. ஒரு டியூரிங் இயந்திரம் ஓடும்போது, ஒவ்வொரு கணத்திலும் அதன் நாடா எப்படி இருந்தது என்பதை அடுத்தடுத்து எழுதினால் ஒரு நீளமான சரம் கிடைக்கும். அது இயந்திரம் ஓடிய வரலாறு. அப்படி ஒரு வரலாறு தப்பானது என்றால், எங்கோ ஓரிடத்தில் தப்பு இருக்க வேண்டும்: தொடக்கம் தப்பு, அல்லது முடிவு ஏற்பு அல்ல, அல்லது நடுவில் ஒரு எழுத்து விதிப்படி மாறவில்லை. "எங்கோ ஓரிடத்தில் இந்தத் தப்பு இருக்கிறது" என்பதை ரெகுலர் எக்ஸ்பிரஷனில் எளிதாக எழுதலாம். ஆகவே தப்பான வரலாறுகளை எல்லாம் பிடிக்கும் ஒரு எக்ஸ்பிரஷனை எழுதி, "இது எல்லாச் சரங்களையும் பிடிக்கிறதா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் சரியான வரலாறே இல்லை, அதாவது இயந்திரம் உள்ளீட்டை ஏற்கவில்லை. இயந்திரத்தின் முழு ஓட்டமும் ஒரு சின்ன எக்ஸ்பிரஷனுக்குள் ஒளிந்துகொண்டுவிட்டது.

எட்டாம் படி: என்பி, அப்புறம் சென்னையின் கோலங்கள்

அதே வரலாற்றை ஒரே வரியாக எழுதாமல், ஒரு கணத்துக்கு ஒரு வரி என்று ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குங்கள். ஒரு கட்டம் கிடைக்கும். சரியான ஓட்டமா என்று பார்க்க முழுக் கட்டத்தையும் ஒருசேரப் பார்க்க வேண்டாம். மூன்று கட்ட அகலமும் இரண்டு கட்ட உயரமும் கொண்ட ஒரு சின்னச் சட்டத்தை எல்லா இடத்திலும் நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் விதி சரியா என்று பார்த்தால் போதும். 1971இல் ஸ்டீபன் குக் சாட் கணக்கு என்பி-கம்ப்ளீட் என்று நிரூபித்ததன் சாரம் இதுதான். சட்டத்தின் விதிகளை ஆம், இல்லை நிபந்தனைகளாக எழுதிவிட்டார். அடுத்த ஆண்டு ரிச்சர்ட் கார்ப் 21 கணக்குகளுக்கு அதை நீட்டினார். லியோனிட் லெவின் சோவியத் நாட்டில் தனியே இதே இடத்துக்கு வந்திருந்தார், 1973இல் வெளியிட்டார்.

எழுத்துகள் கட்டமாக அடுக்கப்பட்டிருந்தால் அதற்கும் இலக்கணம் உண்டா? இதைக் கேட்டு வேலை செய்த முன்னோடிகளில் நம் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும், பின்னாளில் சென்னை ஐ.ஐ.டியில் பேராசிரியராக இருந்த கமலா கிருத்திவாசனும் 1970களின் தொடக்கத்தில் படங்களை உருவாக்கும் இலக்கணங்களை ஆராய்ந்தார்கள். கோலங்களை வரிசை இலக்கணங்களால் உருவாக்குவது பற்றிய அவர்களது கட்டுரை 1974இல் ஒரு பன்னாட்டு இதழில் வந்தது. உலகில் படமொழிகளைப் பற்றி எழுதுவோர் இன்றும் அந்தக் கட்டுரைகளை எடுத்துக்காட்டுகிறார்கள்.

அவர்கள் தந்த அணி இலக்கணத்தின் எளிய வடிவம் இது: முதலில் ஒரு இலக்கணம் கிடைமட்டமாக ஒரு வரி குறியீடுகளை உருவாக்கும். அப்புறம் ஒவ்வொரு குறியீடும் தன் ரெகுலர் விதிகளின்படி ஒரே நேரத்தில் கீழ்நோக்கி வளரும். எல்லாப் பத்திகளும் ஒரே உயரத்தில் முடிய வேண்டும். நம் கேள்வியைக் கேளுங்கள்: எதை நினைவில் வைக்க வேண்டும்? ஒரு பத்தி வளரும்போது பக்கத்துப் பத்தியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை. அதனால் செலவு குறைவு. இதற்கு மாறாக, 1990களில் ஜியாமரேசியும் ரெஸ்டிவோவும் வரையறுத்த இன்னொரு வகையில், இரண்டுக்கு இரண்டு சட்டத்தை எல்லா இடத்திலும் பொருத்திப் பார்க்க வேண்டும், கட்டங்களுக்கு மறைமுகமான குறியீடுகளும் உண்டு. ஒரே வரியில் இதைச் செய்தால் ரெகுலர் மொழிதான் கிடைக்கும், மாறாத நினைவு போதும். கட்டத்தில் செய்தால் என்பி-கம்ப்ளீட் மொழிகள் வந்துவிடுகின்றன. குக்கின் சட்டத்தை நினைத்தால் காரணம் புரியும்: மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் எல்லாம் பக்கத்தில் உள்ளதைச் சார்ந்திருக்கும்போது, கட்டத்துக்குள் ஒரு டியூரிங் இயந்திரமே ஓடலாம்.

தனியாகப் படிப்பவர்களுக்கு: கமலா கிருத்திவாசன் நடத்திய வகுப்புகள் என்.பி.டி.இ.எல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜேஃப்ளாப் என்ற இலவச மென்பொருளில் இயந்திரங்களை வரைந்து ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் முதல் இருபது இயந்திரங்களைத் தாளில்தான் வரைய வேண்டும் என்பேன். இந்தத் துறையில் மேலே ஆராய்ச்சி செய்ய விரும்பினால், தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனமும் சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகமும் ஆட்டோமேட்டாவிலும் கம்ப்ளெக்சிட்டியிலும் உலக அளவில் பெயர் பெற்றவை.

கடைசிப் பயிற்சி. கிடைமட்ட வரியை ஒரு சூழல் சாரா இலக்கணம் உருவாக்குகிறது, பத்திகளை டி.எஃப்.ஏக்கள் சோதிக்கின்றன என்று வைத்துக்கொண்டு, ஒரு கட்டம் அந்தப் படமொழியில் உண்டா என்று கண்டுபிடிக்கும் முறையை எழுதுங்கள். முதலில் ஒவ்வொரு பத்தியையும் எந்தெந்தக் குறியீடுகள் உருவாக்கியிருக்கலாம் என்று பட்டியல் போடுங்கள். அப்புறம் சி.ஒய்.கே அட்டவணையின் அடிவரிசையில் ஒற்றைப் பெயருக்குப் பதில் அந்தப் பட்டியல்களை வைத்து நிரப்புங்கள். அகலத்துக்கு எவ்வளவு செலவு, உயரத்துக்கு எவ்வளவு செலவு என்று தனித்தனியே கணக்கிட்டுப் பாருங்கள்.